சிறு மூடியும் பெரும் பஞ்சமும்



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். துவக்குகள் மலிந்த அமெரிக்க நாட்டிலே, 2020ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும், அத்துவக்குகளுக்கு இடுவதற்குத் தோட்டா கிடையாமற் போன கதையே அது. வெடிமருந்து என்ன செய்யும் என்பதைக் கண்ணாரக் கண்ட மண் எமது மண். தோட்டா இல்லையே என்று எவருக்காகவும் இரங்குவதற்கு நான் இங்கு வரவில்லை. எல்லாம் தன் கையில் உண்டு என்று எண்ணியிருந்த மனிதன், எந்த இடத்திலே பிறர் கையைப் பார்த்து நின்றான் என்பதே நாம் ஆராயவேண்டியது.

அந்நாட்டிலே தோட்டாவைக் கடையில் வாங்காது, வீட்டிலே தாமே செய்துகொள்வோர் பலர் உளர். தோட்டாவிற்கு உறுப்புகள் நான்கு. பித்தளைக் கோது, மருந்து, ரவை, இவற்றோடு பிறைமர் எனப்படும் சிறு மூடி. கோதின் அடியிலே பதிக்கப்படும் அம்மூடியின் மேல் துவக்கின் ஊசி அடித்ததும், உள்ளிருக்கும் அணுவளவு வெடிப்பொருள் தீயைக் கக்கி மருந்தைப் பற்றவைக்கும். சுட்டபின் விழும் கோதைப் பொறுக்கிப் பலமுறை பயன்படுத்தலாம். ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்தால் ரவை ஆயிற்று. மருந்தும் பிறைமரும் அவ்வாறல்ல. அவற்றிற்கு ஆலை வேண்டும். நாடு முழுவதிலும் பிறைமர் செய்த பெருங் கம்பனிப் பெயர்கள் நான்கே: பெடரல், சி.சி.ஐ., வின்செஸ்ரர், றெமிங்ரன்.

2020இலே கொள்ளைநோய் வந்தது, வீதிக் கலவரங்கள் வந்தன, தேர்தலும் வந்தது. துவக்கு வாங்குவோர் தொடர்பான அரசாங்கப் பின்னணி விசாரணைகள் அவ்வாண்டில் ஏறத்தாழ 3 கோடியே 97 இலட்சத்தை எட்டின. புதிதாகத் துவக்கு வாங்கியோர் 84 இலட்சம் பேர் என்பது அத்தொழிலாரின் மதிப்பீடு. அவர்கள் ஒவ்வொருவரும் 50 தோட்டாக்கள் கொண்ட பெட்டி இரண்டு மாத்திரம் வாங்கினர் என்று வையுங்கள். 84 கோடித் தோட்டாக்கள்! ஆலைகள் இரவு பகலாக இயங்கின. ஆயினும் கடைத் தட்டுகள் வெறுமையாகவே கிடந்தன.

பயமே பஞ்சத்தை ஈன்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அதற்கு முன்னரே உண்டு. 2012 டிசெம்பரில் நியூரவுன் பாடசாலைப் படுகொலை நிகழ்ந்தது. கடுஞ் சட்டம் வரும் என்று அஞ்சிய மக்கள் தோட்டாக்களை அள்ளிக் குவித்தனர். 2013 ஜனவரியில் வால்மாட் கடைகள் ஆளுக்கு நாளொன்றிற்கு மூன்று பெட்டி என்று அளந்து கொடுக்கத் தொடங்கின. அவ்வாண்டு ஏப்பிரலிலே சட்டமூலம் செனற் சபையில் தோற்றது. வராத சட்டத்திற்காக வந்த பஞ்சம் அது! 2022இலே பவுசர் வருகிறதாம் என்ற வதந்தி கேட்டு எரிபொருள் வரிசையில் ஓடிப்போய் நின்ற நமக்கு அந்த மனம் விளங்காததன்று. அங்கே டொலருக்குப் பஞ்சமில்லை என்பதே வேறுபாடு.

பயம் ஒருபுறமிருக்க, முதலாளித்துவத்தின் கைவரிசையையும் பாருங்கள். கேள்வி உச்சத்திலிருந்த அந்த 2020 யூலையிலேயே றெமிங்ரன் கம்பனி வங்குரோத்தானது. ஆர்கன்சோ மாநிலத்தில் லோனோக் என்னும் ஊரிலுள்ள அதன் தோட்டா ஆலையை விஸ்ரா என்னும் கம்பனி வாங்கியது. பெடரலும் சி.சி.ஐ.யும் ஏற்கெனவே விஸ்ராவின் உடைமைகள். நான்கு பெயர்களில் மூன்று ஒரே கைக்குள் அடங்கின. வீட்டிலே அச்சும் ஈயமும் கோதும் குவித்து வைத்துக்கொண்டு, தான் எவருக்கும் அடிமையல்லன் என்றிருந்த மனிதன், சில சதம் பெறுமதியான மூடிக்காகக் கடை கடையாக அலைந்தான்.

மருந்தின் கதை இன்னும் ஆழமானது. புகையற்ற மருந்தின் மூலப்பொருள் நைத்திரோசெலுலோசு. பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும் பஞ்சை அமிலங்களிலே தோய்த்துச் செய்வது அது. 2022இலே உக்ரேன் யுத்தம் மூண்டதும் பீரங்கிக் குண்டுகளுக்கு அதே பொருள் வேண்டியதாயிற்று. ஓராண்டில் 10 இலட்சம் குண்டுகள் தருவோம் என்று 2023 மார்ச்சிலே வாக்களித்த ஐரோப்பிய ஒன்றியத்தால், குறித்த தவணைக்குள் ஏறத்தாழ அரைப்பங்கையே கொடுக்க முடிந்தது. அந்தப் பஞ்சிற்கு ஐரோப்பிய ஆலைகள் பெரிதும் நம்பியிருந்தது சீனத்தை! 2024இலே, நைத்திரோசெலுலோசு போதவில்லை என்று கூறி, அலயன்ற் என்னும் பெயர்பெற்ற அமெரிக்க மருந்து நிறுவனம் வீட்டில் தோட்டா செய்வோருக்கான விநியோகத்தை நிறுத்திவைத்தது. யுத்தம் கேட்கும்போது வேட்டைக்காரன் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவான். அதில் வியப்பில்லை.

அதே 2024 நவம்பரில் விஸ்ரா தன் தோட்டாத் தொழிலை முழுதாக ஒரு செக் நாட்டுக் கம்பனிக்கு விற்றது. விலை 200 கோடி டொலருக்கும் மேல். தன் நாட்டுத் துவக்கு, தன் நாட்டுத் தோட்டா என்று மார்தட்டும் அமெரிக்கன் இன்று வாங்கும் பெடரல், சி.சி.ஐ., றெமிங்ரன் தோட்டாக்கள் அவன் நாட்டு ஆலைகளிலேதான் உருவாகின்றன. இலாபக் கணக்குப் பார்க்கும் தலைமையகம் பிராக் நகரில் இருக்கின்றது.