யந்திரத்தின் கண்

‘ஃபர்ஸ்ட்’ என்னும் அமெரிக்க நிறுவனம் 1992 முதல் உயர்நிலைப் பள்ளி மாணாக்கருக்காக ரோபோப் போட்டி ஒன்றை நடத்தி வருகிறது. 2006ஆம் ஆண்டு ஆட்டத்தில், உயரத்திலிருந்த துவாரத்துக்குள் ரோபோ பந்தெறிய வேண்டும். முதல் 10 விநாடிகளுக்கு மாணாக்கர் விசையைத் தொடலாகாது. 6 வாரம் உழைத்தவர்கள் கைகட்டி நிற்க, பச்சை விளக்கொன்றை அடையாளமாகக் கொண்டு யந்திரமே இலக்கைத் தேடியாக வேண்டும்.

மொழிபெயர்ப்பே தொழிலான நாம் இங்கு ஒரு சொல்லில் எச்சரிக்கையாக இருக்க விரும்புகிறோம். காமிரா பார்க்கிறது, காண்பதில்லை. அதற்குப் படம் என்பது புள்ளிகளின் வரிசைகளே. பச்சையாகவும் பிரகாசமாகவும் உள்ள புள்ளிகளைப் பொறுக்கி, அவற்றின் நடுவிடத்தைக் கணக்கிடுகிறது. அகலம் 320 புள்ளிகளாயின் 160 என்பது நேர் எதிர். நடுவிடம் 240இல் விழுந்தால், 60 பாகை விரிந்து நோக்கும் காமிராவுக்கு இலக்கு சுமார் 16 பாகை வலப்புறம் உள்ளது என்று பொருள்.

ஆனால் பார்வையாளர் ஒருவரின் பச்சைச் சட்டையும் பச்சைதானே! பின்னாளில் இதற்கொரு நல்ல உபாயம் கையாளப்பட்டது. நெடுஞ்சாலைப் பலகைகளில் இரவில் பளிச்சிடும் பட்டையைப் போன்றதொன்றை இலக்கைச் சுற்றி ஒட்டினார்கள். காமிராவைச் சுற்றி வளையமாக விளக்குகளைப் பொருத்தி, படத்தில் ஒளி பதியும் நேரத்தைக் குறைத்தால், பட்டை தவிர மற்றவை பெரும்பாலும் இருளில் மறைந்துவிடும்.

இதனினும் பொல்லாதது தாமதம். படத்தை எடுத்து ஆராய்ந்து முடிப்பதற்குள் பத்தில் ஒரு பங்கு விநாடி கழிந்தால், விநாடிக்கு 90 பாகை சுழலும் ரோபோ 9 பாகை திரும்பிவிட்டிருக்கும். பழைய படத்தை நம்பி இலக்கைத் தாண்டும், மீளும், மறுபடி தாண்டும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை தோற்றது! ஆகவே அனுபவமுள்ள மாணாக்கர் யந்திரத்தை நிறுத்தி, ஒரே படம் எடுத்துக் கோணத்தைக் கணித்து, திரும்பும் வேலையைச் சுழற்சியை அளக்கும் ‘கைரோ’ கருவியிடம் ஒப்படைப்பர். திரும்பிய பின் மறுபடி ஒரு படம். நிதானமே இங்கு வேகம் என்பது நம் அபிப்பிராயம்.

2023ஆம் ஆண்டு ஆட்டக்களத்தில் ‘ஏப்ரல் டேக்’ எனப்படும் கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் இடம்பெற்றன. ஒவ்வொன்றும் தன் எண்ணை அறிவிப்பதுடன், தூரத்தையும் சாய்வையும் கணிக்க உதவும். நிறத்தைப் பற்றிய கவலை தீர்ந்தது, தாமதம் தீரவில்லை. ஆதலால் மாணாக்கர் ஒவ்வொரு படத்துக்கும் அது எடுக்கப்பட்ட நேரத்தைக் குறித்து, அந்தக் கணத்தில் யந்திரம் நின்ற இடத்திலிருந்தே கணக்கைத் தொடங்கும்படி செய்கிறார்கள்.