மூடிய பெட்டியும் திறந்த கருவியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கடைசி பெஞ்சுக்காரனை மேடை ஏற்றியிருக்கிறீர்கள். பெருமை பேச என்னிடம் ஒன்றும் இல்லை. நான் பட்ட அடியைச் சொல்கிறேன்; உங்களுக்காவது உதவட்டும்.

மூன்று பேர் சேர்ந்து சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜிசிசி கம்பைலர்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. விண்டோஸுக்கு எழுதினால் அதன் மின்ஜிடபிள்யூ வடிவம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூற்பாலை வேலை வந்தது. அளவுக் கருவியை விற்றவர்கள் ஒரு டிஎல்எல் நூலகமும் ஹெடர் கோப்பும் தந்தார்கள். மூல நிரல் கிடையாது. பதினைந்து நாளில் முடிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கம்பைல் ஆச்சு. லிங்க் பண்ணினா, ஒரு ஃபங்ஷன்கூட இல்லை என்கிறது லிங்கர்! நூலகம் விஷுவல் சி++-இல் கட்டியது. சி++ கம்பைலர், ஃபங்ஷன் பெயரோடு அதற்குத் தரும் மதிப்புகளின் வகையையும் சேர்த்து உருமாற்றி எழுதும். விஷுவல் சி++ எழுதும் பெயர் கேள்விக்குறியில் தொடங்கும். ஜிசிசியின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கும். ரேஷன் கார்டில் ஒரு பெயர், வோட்டர் லிஸ்டில் வேறு பெயர் என்றால் ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? சி மொழியில் இந்தத் தொல்லை குறைவு. ஆகவே விஷுவல் சி++-இலேயே சின்ன இடைநூலகம் எழுதி, வெளியே சி ஃபங்ஷன்களை மட்டும் காட்டினோம். ஜிசிசி ஏற்றுக்கொண்டது.

ஆலையில் நிறுவிய மூன்றாம் நாள் புரோகிராம் படுத்துவிட்டது. உடனிருந்த தம்பியை, அவனும் நம் கல்லூரி மாணவன்தான், எல்லோர் முன்னாலும் திட்டினேன். ராத்திரி உட்கார்ந்து பார்த்தா, நூலகம் ஒதுக்கிய நினைவகத்தை எங்கள் புரோகிராம் விடுவிக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி சி ரன்டைம்; ஒரு வங்கிக் கடனை வேறு வங்கியில் கட்டின கதை. அந்த வரியை எழுதியவன் நான். மறுநாள் அதே ஆட்கள் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒதுக்கியவரே விடுவிக்கட்டும் என்று இடைநூலகத்தில் ஒரு ஃபங்ஷன் சேர்த்தோம், பிறகு நிற்கவில்லை.

உரிமத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜிசிசி ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அதனால் உங்கள் நிரலையும் திறக்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. அதன் ரன்டைம் நூலகத்துக்குத் தனி விலக்கு உண்டு. ஆனால் ரீட்லைன் போன்ற ஜிபிஎல் நூலகத்தை மூடிய நூலகத்தோடு பிணைத்து வெளியே கொடுத்தால் சிக்கல்தான்.

தம்பிகளே, தங்கைகளே, நூலகத்துக்குப் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கம்பைலரில் கட்டியது? சி இடைமுகம் உண்டா? நினைவகத்தை யார் விடுவிப்பது? இதைக் கேட்காமல் வாக்குக் கொடுத்ததுதான் என் தவறு. நாலாவது ஒன்றும் உண்டு: பிழை வந்தால் முதலில் உங்கள் வரியைப் பாருங்கள், அப்புறம் அடுத்தவன் முகத்தைப் பாருங்கள்.

அந்தத் தம்பி இன்றும் எங்களோடுதான் இருக்கிறான். இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறான்.