கணினி திணறும்போது முதலில் பார்க்க வேண்டியது

கணினி திணறத் தொடங்கினால் பலர் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகிறார்கள். பழசாகிவிட்டது, புதிதாக வாங்க வேண்டியதுதான் என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு. அதற்கெல்லாம் முன்னால், உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். 1996இல் வந்த விண்டோஸ் என்.டி. 4 காலத்திலிருந்தே இருக்கும் வசதி இது. அதில் சி.பி.யூ. என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் வேலை வாங்கும் நிரல் மேலே வந்து நிற்கும்.

மேலே நிற்பதாலேயே அதைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள் என்று இருந்தால், அது விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு, கோப்புகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. அப்டேட்டும், கோப்புகளைத் தேடுவதற்கு அட்டவணை போடும் இன்டெக்ஸரும் அதேபோலத்தான். வேலை முடிந்ததும் தாமாக அடங்கும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் கூடுதல் நேரம் பிடிக்கும், பொறுத்திருங்கள். டீடெய்ல்ஸ் பகுதியில் சிஸ்டம் ஐடில் பிராசஸ் 95 என்று காட்டுவதைக் கண்டு பயப்படுகிறவர்கள் நிறைய. பிராசஸர் அந்த அளவுக்குச் சும்மா இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள்.

கட்டுமீறி ஓடும் நிரலை வேறு விதமாகக் கண்டுபிடிக்கலாம். நீங்கள் எதையும் தொடாதபோதும் அதன் எண் இறங்காது. ஒரே சமயத்தில் நான்கு வேலை பார்க்கும் பிராசஸரில் ஒரு நிரல் 25 சதவீதத்தை ஒட்டியே வெகுநேரம் நிற்கிறதா? ஏதோ ஒரு கட்டளைச் சுற்றில் சிக்கி, வெளியே வர முடியாமல் அது சுழன்றுகொண்டிருக்கலாம். சேமிக்க முடிந்ததைச் சேமித்துவிட்டு, அந்த நிரலைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். பெயர் தெரியாத விண்டோஸ் நிரல்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் ரீஸ்டார்ட் கொடுங்கள், ஷட்டவுன் வேண்டாம். விண்டோஸ் 8 முதல் பல கணினிகளில் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸின் உட்கருவும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுகின்றன. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

வேகமாக்கித் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நம்பி ஏற்றாதீர்கள். பின்னணியில் ஓட இன்னொன்று சேரும், அவ்வளவே. அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதி இருக்கிறது. கணினி எழும்போதே தானாக எழுந்து உட்காரும் நிரல்கள் அங்கே வரிசையாகத் தெரியும். அன்றாடம் தேவைப்படாதவற்றை டிசேபிள் செய்யுங்கள். நிரல் அழியாது, வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம்.