ஓவியத்தில் ஒளி விழும் இடம்



வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனிகளில் செக்கிங் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், டியூப் லைட்டின் கீழ்த் துணியை விரித்த மாத்திரத்தில் ஓட்டையையும் கறையையும் கண்டுவிடுகின்றனர். அத்தகைய கண்களுக்கு ஓவியத்தைப் படிப்பது அரிதன்று. ஓவியத்தின் முன் நின்று நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒளி எங்கிருந்து வருகிறது? யார்மீது விழுகிறது? எது இருளில் விடப்பட்டுள்ளது?

கும்பகோணம், சென்னை அரசு கவின் கலைக் கல்லூரிகளில் பயின்ற ஓவியர் இளையராஜா, 2021ஆம் ஆண்டு கொரோனா நோயால் மறைந்தார். அவர் தீட்டிய கிராமத்துப் பெண்களின் ஓவியங்கள் புகைப்படமோ என மயங்க வைப்பவை. பக்கவாட்டில் நுழையும் வெயில் முகத்திலும் தோளிலும் படிய, எஞ்சிய இடம் நிழலில் அடங்குகிறது. காண்போர் நெஞ்சில் அமைதி பிறக்கிறது. மேனியின் கருநிறத்தை அவர் வெளுத்துக் காட்டவில்லை. கருமையைக் குறையென விளம்பரங்கள் ஓதிவந்த நாட்டில், அக்கருமையின் மீதே ஒளியைப் படரவிட்டது சிறு செயலன்று.

ஒளி மாறினால் உணர்வும் மாறும். டச்சு ஓவியர் வான்கோ 1885ஆம் ஆண்டு ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். ஐவர் அமர்ந்த குடிசையில் தொங்குவது ஒரே விளக்கு. அதன் மங்கிய வெளிச்சம் எலும்பு புடைத்த கைகளையும் களைத்த முகங்களையும் காட்டுகிறது. மண்ணைத் தோண்டிய அதே கைகளே உணவுத் தட்டை நோக்கி நீள்கின்றன என்பதை உணர்த்தவே அவ்வாறு வரைந்ததாகத் தம் தம்பி தியோவுக்கு அவர் எழுதினார். இங்கே அமைதியில்லை, அயர்வு உண்டு, உழைத்து உண்ணும் பெருமிதமும் உண்டு.

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். மாலை வெயிலில் எந்த ஊரும் பொன்னாகவே தோன்றும். அத்தகைய கிராமக் காட்சியைக் காணும்போது, அதில் நம் தெரு எங்கே என்று தேடுவோம். நாற்று நட்டவர் முகத்தில் ஒளி படுகிறதா, அன்றி அவர் தொலைவில் ஒரு நிழற்புள்ளியாக நிற்கிறாரா? அழகைச் சுவைப்பதும் அதனைக் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கல்வி இரண்டையும் கற்பிக்கிறது.

இவ்வெள்ளி விழாவில் நமது வேண்டுகோள் இதுவே. நம் பிள்ளைகளுள் ஒருவர் தூரிகை எடுத்து நம் தெருவை வரையட்டும். ஒளி எங்கே விழ வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.