குறி தவறினால்...

காட்டாட்டைத் துடிக்க விடாமல் சுடுவது எப்படி? நேயர்களே, நம் நாட்டில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. சுண்ணாம்புக் குன்றுகளில் வாழும் 'கம்பிங் குருண்', 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முழுப் பாதுகாப்பு பெற்றது.

பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் வேட்டை என்றால் காட்டுப்பன்றிதான். அதற்கும் உரிமம் வேண்டும். உரிமம் இருந்தும் குறியில் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஆடு, மான் என்றால் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, கீழ்ப்பாதியில் சுட வேண்டும். இதயமும் நுரையீரலும் அங்கேதான். பன்றிக்கு அவை இன்னும் முன்னே, இன்னும் தாழ்வாக இருக்கின்றன. மான் கணக்கில் சுட்டால் தோட்டா குடலில் பாயும்; பிராணி மணிக்கணக்கில் துடிக்கும். தலையைக் குறிவைப்பது வீரமாகத் தெரியலாம். மூளையோ சிறியது. தவறினால் தாடை உடைந்து, தின்ன முடியாமல் பட்டினியால் சாகும்.

ஓடுகிறதா? சுடாதீர்கள். பின்புறம் காட்டுகிறதா? காத்திருங்கள்.

ரத்தத்தில் நுரை தெரிந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, தூரம் போயிருக்காது. சாணம் கலந்து நாறினால் குடல். உடனே விரட்டினால் இன்னும் ஓடும். பொறுத்து, இருவராகத் தேடுங்கள். தேடாமல் வீடு திரும்பினால், காயம்பட்ட அந்தப் பன்றியை மறுநாள் காலையில் எதிர்கொள்பவர் குலை வெட்ட வரும் தொழிலாளிதான்.