அணுவுக்கு நிறம் தீட்டுவது யார்?

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



கலையும் விஞ்ஞானமும் இணைந்து செல்ல வேண்டும் என்று மேடைதோறும் கூறப்படுகிறது. ஏன் இணைய வேண்டும் என்பது பெரும்பாலும் விளக்கப்படுவதில்லை. இத்தேவை ஆராய்ச்சிக் கூடத்திலேயே பிறக்கிறது என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அணுவின் குறுக்களவோ ஒரு நானோமீட்டரில் பத்தில் சில பங்குகளே. எனவே, சாதாரண நுண்ணோக்கியால் அணுவைக் காண இயலாது. 1981ஆம் ஆண்டில் ஸூரிச் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் ஆகியோர் உருவாக்கிய ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப் இத்தடையை நீக்கியது. 1986இல் இயற்பியல் நோபல் பரிசில் இருவரும் பங்கு பெற்றனர். இக்கருவியில் கூரிய உலோக முனை ஒன்று மேற்பரப்பைத் தொடாமல் வருடிச் செல்கிறது. இடையே பாயும் நுண்ணிய மின்னோட்டம் அளக்கப்படுகிறது. கிடைப்பவை வெறும் எண்களே. அவற்றைக் கணிப்பொறி படமாக்குகிறது. நூல்களில் நாம் காணும் நீலமும் பொன்னிறமும் அணுவின் நிறங்கள் அல்ல, மனிதர் தேர்ந்தெடுத்தவை. அதாவது, ஓவியர் செய்யும் முடிவுகளை விஞ்ஞானி அன்றாடம் செய்துகொண்டிருக்கிறார்.

இதை உணர்ந்து செயல்பட்டவர்கள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இரு பேராசிரியர்கள். ஜேம்ஸ் கிம்சூஸ்கி வேதியியல் துறையினர். முன்னர் ஸூரிச் கூடத்தில் பணியாற்றியவர். விக்டோரியா வெஸ்னா ஊடகக் கலைத் துறையைச் சேர்ந்தவர். 2003இல் அந்நகரின் கலைக்கூடத்தில் ‘நானோ’ என்ற கண்காட்சியில் இருவரும் பங்குகொண்டனர். அவர்களது ‘நானோ மண்டலா’ என்ற படைப்புக்கு ஆதாரம், இந்தியாவிலுள்ள திபெத்திய மடாலயம் ஒன்றின் பிக்குகள் மணலால் அமைத்த மண்டலம். ஒரே மணற்துகளின் நுண்ணோக்கிப் படத்திலிருந்து முழு மண்டலம் வரை காட்சி படிப்படியாக விரிந்து, மணல் பரப்பிய வட்டத்தின் மீது ஒளியாக விழுந்தது. அளவு என்பதன் பொருளைப் பார்வையாளர் நேரே உணர்ந்தனர்.

கிம்சூஸ்கியின் குழு 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றும் கருதத்தக்கது. ஈஸ்ட் செல்லின் சுவர் விநாடிக்குச் சுமார் 800 முதல் 1,600 முறை, ஏறத்தாழ மூன்று நானோமீட்டர் அளவுக்கு அதிர்வதை அவர்கள் அளந்தனர். வெப்பநிலை உயர அதிர்வு விரைவுற்றது. உயிர்ச்செயலைத் தடுக்கும் மருந்து சேர்த்ததும் நின்றது. இவ்வதிர்வெண் மனிதச் செவி கேட்கும் எல்லைக்குள் இருப்பதால், அளவீட்டைப் பெருக்கி ஒலியாகவும் கேட்க முடிந்தது. ஆயினும், செல் பாடுகிறது என்று கூறிவிடுதல் பிழை. எது அளவீடு, எது நாம் சேர்த்தது என்பதைப் பொதுமக்களுக்குத் தெளிவாகச் சொல்வது இத்தகைய ஆராய்ச்சியின் முதற்கடமை. பொதுப்பணத்தில் நடைபெறும் ஆராய்ச்சியை மக்கள் பெரிதும் படங்கள் வாயிலாகவே அறிகின்றனர். படம் மயக்கினால் நம்பிக்கை குலையும்.

நம் நாட்டிலும் அடித்தளம் உண்டு. அகமதாபாதில் தேசிய வடிவமைப்புக் கழகம் 1961இலும், பம்பாய் ஐ.ஐ.டி.யில் தொழில் வடிவமைப்பு மையம் 1969இலும் தோன்றின. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் பல துறை இணைந்த கல்வியை வலியுறுத்துகிறது. எனினும், கொள்கை நடைமுறைக்கு வருவது சிறு விதிகளினால்தான். இயற்பியலும் ஊடகக் கலையும் இணைந்த ஆய்வேட்டை எழுதும் மாணவருக்கு வழிகாட்டி யார்? மதிப்பிடுபவர் யார்? இவ்வினாக்களுக்கு விடையில்லையெனில், அம்மாணவர் இரு துறைகளுக்கும் அயலாராகிவிடுவார்.

இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. இரு துறைகளிலிருந்தும் ஒவ்வொரு வழிகாட்டி, இரு துறையினரும் அடங்கிய தேர்வுக்குழு, கருவிகளைப் பயன்படுத்தக் கலை மாணவருக்கும் ஒதுக்கப்பட்ட நேரம்: இம்மூன்றும் போதும். அலுவலர்கள் இவற்றை விதிகளில் இடம்பெறச் செய்ய வேண்டும். மாணவர்களோ, ஒவ்வொரு விஞ்ஞானப் படத்தைக் காணும்போதும் இதன் நிறத்தைத் தேர்ந்தவர் யார், ஏன் தேர்ந்தார் என்று வினவப் பழக வேண்டும். இரு துறைகளும் சந்திக்கும் இடம் அவ்வினாவே.