மேட்டுப்பாத்திக்கு எத்தனை வாளி மண்?



லயத்து வாசலில் மேட்டுப்பாத்தி கட்டப் போகிறவங்களுக்கு நாங்கள் சொல்ல வந்தது மண் கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கினால் கன அடி வரும். ஒரு கன அடிக்கு, 10 லீட்டர் வாளியால் ஏறக்குறைய 3 வாளி மண் பிடிக்கும்.

6 அடி நீளம், 3 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 18 கன அடி. 54 வாளி வேணும். அவ்வளவு மண்ணுக்கு எங்கே போவது? லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டை வெட்டத்தான் தோணும். அது மட்டும் வேண்டாம். அடியில் வெட்டின மேடு அடைமழைக்கு நிற்காது. மண்சரிவு வந்தால் என்னவாகும் என்று 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் பார்த்தோமே!

ஆகவே உயரத்தை அரை அடியாக்குவோம். அடிமண்ணை முள்ளுக் குத்தி இளக்கிவிட்டால் வேர் தானாகக் கீழே இறங்கும். இப்போது 27 வாளி போதும். அதிலும் 9 வாளி கூட்டுப்பசளை. மண் 18 வாளிதான். மழைக்குக் கழுவி மலைக்கானில் சேர்ந்த மண்ணை, தோட்டத்தில் கேட்டு அள்ளலாம். கழிவுத்தண்ணி ஓடுகிற கான் கூடாது. பாத்தி அமுங்கும், 3 வாளி கூடுதலாக வையுங்கள்.

கீரையும் வளரணும், லயமும் நிற்கணும். மேட்டில் வெடிப்பு கண்டால் உடனே எங்களுக்குச் சொல்லுங்கள்.